பையில் ஏழு பயிற்சி நூல்கள், உள்ளே ஒரே கணக்கு

இந்த மாதத்தில் இது மூன்றாவது பை. வீட்டுவழிக் கல்வி பயிலும் 8 வயதுச் சிறுவனை அழைத்து வந்த தாயார், வண்ணப் பயிற்சி நூல்கள் ஏழு, அபாகஸ், டேப்லெட் என ஒவ்வொன்றாக என் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, "எத்தனை விதமாக மாற்றிக் கொடுத்தாலும் பத்து நிமிடம் உட்கார மாட்டேன் என்கிறான், மேடம்" என்றார். நூல்களைப் புரட்டினேன். ஒன்றின் ஓரத்தில் டைனோசர், மற்றொன்றில் ராக்கெட். உள்ளே எல்லாவற்றிலும் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்ற தலைப்பும், அதன்கீழ் நாற்பது கழித்தல்களும்தான்.

சிறுவனிடம் 58-லிருந்து 23-ஐக் கழிக்கச் சொன்னேன். தயக்கமே இல்லாமல் கடன் வாங்கினான். 18-இல் 3 போக 15, 4-இல் 2 போக 2, ஆக 215 என்று எழுதினான். 58-இல் எடுத்த பிறகு 215 எப்படி மிஞ்சும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததில் வியப்பும் இல்லை. கடன் வாங்க வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் வேலையை இத்தனை மாதங்களாகப் பக்கத்தின் தலைப்பே செய்து வந்திருக்கிறது.

மாற்றம் என்பது தாளின் நிறத்தில் இல்லை என்பதை எத்தனை முறைதான் சொல்வது? ஒரே வகைக் கணக்கை அடுக்கினால், நான்காவது கணக்குக்குமேல் கை மட்டுமே வேலை செய்கிறது; வேலையற்றுப்போன மனம் மின்விசிறியையோ சன்னலோர அணிலையோ தேடிப் போகிறது. நாம் டைனோசரை ராக்கெட்டாக மாற்றினால் அவன் ராக்கெட்டைப் பார்ப்பான், அவ்வளவுதான். 52−27, 58−23, 35-உடன் எதைக் கூட்டினால் 60, மூன்று பேருக்கு 24 நெல்லிக்காய் பங்கிடுதல் என்று வகை கலந்து வரும்போதுதான், ஒவ்வொரு கணக்கிலும் 'இங்கே என்ன செய்ய வேண்டும்' என்று அவன் நின்று யோசிக்க நேர்கிறது. கலந்து கொடுக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் தவறுகள் கூடும். அதைக் கண்டு அஞ்சிப் பழைய நாற்பதுக்குத் திரும்பிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

"ஏடிஎச்டி-யாக (கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாறு) இருக்குமோ?" என்பது அடுத்த கேள்வி. அந்த முடிவுக்கு வர, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது ஆறு மாதங்களாக, இரண்டு வெவ்வேறு சூழல்களிலாவது தென்பட வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வகுப்பாசிரியரின் குறிப்பு கிடைக்காது என்பதால், நீச்சல் பயிற்சியாளரிடமோ பாட்டு ஆசிரியரிடமோ நாங்கள் விசாரிக்க வேண்டியிருக்கிறது. விளையாட்டு, உணவு, உறக்கம் என எல்லாவற்றிலும் இதே தடுமாற்றம் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கணக்கு நோட்டைத் திறந்தால் மட்டும் சிதறுகிற கவனத்துக்கு, முதலில் நோட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு அமர்வுக்கு ஆறு கணக்குகள் போதும். அவற்றில் ஒன்று போன வாரத்தியதாகவும், ஒன்று வாயால் சொல்வதாகவும் இருக்கட்டும். பத்து நிமிடத்தில் எழுந்து போகட்டும், மாலையில் மீண்டும் உட்காரட்டும். தாயம் ஆடினால், காய் பழமேற இன்னும் எத்தனை வேண்டும் என்று கட்டையை உருட்டுவதற்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள். விழுந்த பிறகு கட்டம் கட்டமாக எண்ணுவது கழித்தல் ஆகாது. பல்லாங்குழியில் தன் பக்கத்து ஏழு குழிகளுக்கும் ஐந்தைந்தாகச் சோழி இடும்போதே 35 என்று அவன் சொல்ல வேண்டும். டேப்லெட்டை அடுத்த அறையில் வையுங்கள், தலைகீழாகக் கவிழ்த்து மேசையிலேயே அல்ல. அவசரமும் வேண்டாம்: வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் தேர்வெழுதும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பில் சேரவே 14 வயது ஆக வேண்டும்.

அடுத்த முறை என்னிடம் வரும்போது பையைக் கொண்டுவர வேண்டாம். பிள்ளை தவறாகப் போட்ட தாள்களை, அழிக்காமல், திருத்தாமல் கொண்டுவாருங்கள்.