அரசு அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்: மாற்றுத்திறனாளி மாணவருக்குச் சட்டம் தருவது என்ன?

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களின் சேர்க்கையில் குறைந்தது 5 சதவீதம். இரண்டும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ளவை, முறையே 34, 32-ஆவது பிரிவுகள். அப்படியானால் இன்டர்ன்ஷிப்பில் எத்தனை சதவீதம் என்று மாணவர்கள் கேட்பது இயல்புதான். பதில் கொஞ்சம் ஏமாற்றம் தரும். இன்டர்ன்ஷிப்புக்கு என்று அந்தச் சட்டம் எந்தப் பங்கும் ஒதுக்கவில்லை. ஆனால் உள்ளே போனபிறகு வேலையைச் செய்ய என்னென்ன ஏற்பாடு தேவையோ, அதைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. என்னைக் கேட்டால், இரண்டு மாதப் பயிற்சிக்கு ஒதுக்கீட்டைவிட இதுதான் கைகொடுக்கும். இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம். நிதி ஆயோக் இன்டர்ன்ஷிப் குறைந்தது 6 வாரம், அதிகபட்சம் 6 மாதம், உதவித்தொகை கிடையாது. வெளியுறவு அமைச்சகம் மாதம் 10,000 ரூபாய் தருகிறது. ரிசர்வ் வங்கியின் கோடைக்காலப் பயிற்சியில் மாதம் 20,000 ரூபாய். இவை படித்துக்கொண்டிருப்பவர்களுக்கானவை. 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்க ஓடுகிறவர்கள் உண்டு. தொடங்கியபோது அது பெரிய நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி; முழுநேரமாகக் கல்லூரிக்குப் போகிறவர் அதில் சேர முடியாது என்பது அப்போதைய விதி. அப்ரண்டிஸ் பயிற்சி இன்னொரு ரகம். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், 18-ஆவது பிரிவில், அங்கே இருப்பவர் பயிற்சியாளர், தொழிலாளர் அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே வேலைக்கான 4 சதவீதத்தை அங்கே காட்டி வாதாட முடியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, அரசு அலுவலகம் தன் மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தேவைக்கேற்ற வசதியும் தடையற்ற சூழலும் செய்து தரவேண்டும் என்கிறது. பலரும் இந்தப் பிரிவைத்தான் கடிதத்தில் எழுதுகிறார்கள். "நீங்கள் ஊழியர் இல்லையே" என்று அலுவலகம் ஒரே வரியில் முடித்துவிட முடியும். இன்டர்ன் எழுதவேண்டியது 3-ஆவது பிரிவு. அது ஊழியர், மாணவர் என்று பார்ப்பதில்லை. குறைபாட்டைக் காரணம் காட்டி எந்த மாற்றுத்திறனாளியையும் பாகுபடுத்தக் கூடாது என்பதும், தேவைக்கேற்ற வசதி கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பதும் அதில் உள்ளன. அந்த வசதியை மறுப்பதே பாகுபாடுதான் என்று 2-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது.

இரண்டாவது வழியும் இருக்கிறது. இன்டர்ன்ஷிப் உங்கள் படிப்பின் பகுதியாக, கிரெடிட்டுக்காகச் செய்வது என்றால், கல்லூரிக்கும் பொறுப்பு உண்டு. ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ற வசதியைக் கல்வி நிறுவனம் தரவேண்டும் என்பது 16-ஆவது பிரிவு. "அது வெளியிடத்தில் நடப்பது, எங்களுக்குத் தெரியாது" என்று துறைத்தலைவர் கைவிரிப்பது சரியல்ல. தடையில்லாச் சான்று எழுதித் தரும் அதே கல்லூரி, உங்களுக்கு என்ன ஏற்பாடு தேவை என்று கூட ஒரு பத்தி சேர்த்துத் தரலாம். கேட்டுப் பாருங்கள், கல்லூரித் தலைப்பு அச்சிட்ட தாளில் வரும் பத்திக்கு அலுவலகங்களில் தனி மதிப்பு.

"எனக்குக் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் இல்லையே" என்று ஒதுங்குகிறவர்கள் கவனிக்க: 40 சதவீதக் கணக்கு ஒதுக்கீட்டுக்கும் சில சலுகைகளுக்கும்தான். 3-ஆவது பிரிவுக்கு அது தேவையில்லை. யூபிஎஸ்சி தேர்வில் தனக்காக விடை எழுத ஓர் எழுத்தர் கேட்ட விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை அவருக்கு. 40 சதவீத வரம்புக்குள் அவர் வரவில்லை. ஆனாலும் எழுத்தர் வசதி அவருக்கு உண்டு என்று தீர்ப்பானது.

சான்றாக யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் பேச்சு சுருங்கும். ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் விண்ணப்பித்து, மருத்துவ மதிப்பீட்டுக்குப் போய்வரவேண்டும். 40 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கும் வெள்ளைப் பட்டையோடு அட்டை உண்டு. 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். இன்டர்ன்ஷிப் அறிவிப்பு வந்தபிறகு இதைத் தொடங்கினால் நேரத்துக்குக் கைக்கு வராது. முதலாம் ஆண்டிலேயே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

கடிதம் எப்போது எழுதுவது? தேர்வான தகவல் வந்ததும், சேரும் நாளுக்கு முன்பு. என்ன நோய், எப்போது வந்தது, எந்த மருத்துவர் என்ற கதை வேண்டாம். இரக்கம் வரவழைக்கும் வரிகளும் வேண்டாம். வேலை செய்ய எது வேண்டும் என்பது மட்டும் இருக்கட்டும். இப்படி:

"எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. திரைவாசிப்பான் துணையோடு கணினியில் வேலை செய்கிறேன். எனக்குத் தரப்படும் தமிழ்க் கோப்புகள் யூனிகோடில் இருக்கவேண்டும்; ஸ்கேன் செய்த பக்கங்களை அப்படியே வாசிக்க இயலாது. என் மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் உள்ளது. அலுவலகக் கணினியில்தான் வேலை செய்யவேண்டும் என்றால், அதில் இந்த இலவச மென்பொருளை நிறுவ அனுமதி வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 3-இன்படி இதைக் கோருகிறேன்."

யூனிகோடு பற்றிய வரி சின்ன விஷயமாகத் தெரியலாம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பைத் திறந்தால் திரைவாசிப்பான் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளை உளறும். பழைய கோப்புகள் அதிகமுள்ள பிரிவில் உங்களைப் போட்டுவிட்டால் இரண்டு மாதமும் வெறுமனே உட்கார்ந்திருக்க நேரும். செவித்திறன் குறைந்தவர் என்றால், வாய்மொழி உத்தரவுகளை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதித் தரவும், முக்கியக் கூட்டங்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவும் கேட்கலாம். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் தரைத்தளத்தில் இருக்கையும், உள்ளே போய்த் திரும்பக்கூடிய கழிப்பறையும் கேட்கவேண்டும். கழிப்பறையைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். அதைக் கேட்காமல் போய், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

இந்த உரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு: அலுவலகத்துக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகக் கூடாது. உங்கள் இரண்டு மாதத்துக்காக லிஃப்ட் கட்டச் சொன்னால் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். கீழ்த்தளத்தில் ஒரு மேசை போடச் சொல்வதற்கு அது பொருந்தாது. அதோடு, பொதுக் கட்டடங்களை எல்லாரும் அணுகும்படி மாற்றச் சட்டம் கொடுத்த காலக்கெடு, விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து ஐந்தாண்டு. அது 2022-லேயே முடிந்துவிட்டது. "பழைய கட்டடம் சார்" என்பது பதிலாகாது.

இன்டர்ன்ஷிப் சான்றிதழ் அரசு வேலைக்கான முன்னுரிமை அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்குத் தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும்; அங்கே 4 சதவீதமும், வயது வரம்பில் தளர்வும் உண்டு.

கேட்ட வசதியை மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனால், அன்றே "இன்று இப்படிச் சொன்னீர்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்; அதுவே பதிவு. புகார், மத்திய அரசு அலுவலகம் என்றால் டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு, மாநில அரசு அலுவலகம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்கவேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை அவருக்கும் உங்களுக்கும் சொல்லவேண்டும். அந்த மூன்று மாதத்துக்குள் உங்கள் பயிற்சியே முடிந்துவிடக்கூடும். அதனால்தான் சேருவதற்கு முன்பே கடிதம் போய்ச் சேரவேண்டும் என்கிறேன். அதன் நகல் ஒன்று கல்லூரி அலுவலகத்திலும் இருக்கட்டும்.