படம் எப்படி? பதில் உருவாகும் இடம்

யாழ்ப்பாணத்தில் ஒரு படத்தின் தலைவிதி பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் இடத்தில்தான் எழுதப்படுகிறது. ராஜா திரையரங்கிலோ கார்கில்ஸ் சதுக்கத்திலோ காட்சி முடிந்து கூட்டம் வெளியே வருகிறது. கண்கள் இன்னும் வெளிச்சத்துக்குப் பழகவில்லை. ஒவ்வொருவர் மனத்திலும் ஏதோ ஒன்று கலங்கிய நிலையில் கிடக்கிறது. அது இன்னும் சொல்லாகவில்லை. அப்போது நண்பர்களில் ஒருவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, "இரண்டாம் பாதி இழுவை" என்கிறார். மற்ற மூவரும் தலையாட்டுகிறார்கள். அந்த மூவரில் ஒருவர் அதே இரண்டாம் பாதியில் கண்கலங்கி உட்கார்ந்திருந்தவராகவும் இருக்கலாம்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் அவருக்கும் அது இழுவையாகவே தோன்றுகிறது. படத்தைப் பற்றிய நம் தீர்ப்பை அரங்குக்குள்ளேயே முடித்துக்கொண்டு வெளியே வருகிறோம் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த உளவியல், நரம்பியல் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதி பேச்சிலேதான் உருவாகிறது என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வருகிறது. யார் முதலில் பேசினார், எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பவையெல்லாம் அதற்குள் கலந்துவிடுகின்றன.

முதலில் அரங்குக்குள் நடப்பதைப் பார்ப்போம். உரி ஹாசன் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்துப் படம் காட்டினார்கள். 2004ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய முதல் ஆய்வில் ஒரு விந்தை தெரிந்தது. ஆட்கள் தனித்தனியே, வெவ்வேறு நேரங்களில் ஒரே படத்தைப் பார்த்தபோது, மூளையின் வெளியடுக்கான புறணியின் கணிசமான பகுதி எல்லோரிடமும் ஒரே ஏற்ற இறக்கத்தோடு இயங்கியது. பின்னர் 2008இல் அவர்கள் வெவ்வேறு வகைப் படங்களை ஒப்பிட்டார்கள். நன்றாகச் செதுக்கப்பட்ட ஒரு மர்மக் கதை, பார்வையாளர்களின் புறணியில் சுமார் 65 விழுக்காட்டை இப்படி ஒன்றாக இழுத்துச் சென்றது. ஒரு பூங்காவில் அசையாத கமராவை வைத்து, வெட்டு ஒட்டு எதுவும் இல்லாமல் எடுத்த காட்சிக்கு 5 விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை. அண்மைக் காட்சி, வெட்டு, இசை ஆகியவை பார்வையாளரின் கவனத்தைப் பிடித்து நடத்துகின்றன என்று இயக்குநர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதை இங்கே அளந்து பார்க்க முடிந்திருக்கிறது.

ஒன்றாக இயங்குவது என்றால் ஒரே முடிவுக்கு வருவது என்று பொருளல்ல. 2017இல் யாரா யெஷுரூனும் ஹாசனும் மற்றவர்களும் செய்த சோதனை இதைத் தெளிவாக்குகிறது. இருபொருள்பட எழுதப்பட்ட ஒரு சிறுகதையை இரண்டு குழுக்களுக்கு ஒலிவடிவில் கேட்கக் கொடுத்தார்கள். கதை ஒன்றுதான், ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் கேட்பதற்கு முன், ஒரு குழுவிடம் "மனைவி கணவனுக்குத் துரோகம் செய்கிறாள்" என்ற பின்னணியையும், மறு குழுவிடம் "கணவன்தான் வீணாகச் சந்தேகப்படுகிறான்" என்ற பின்னணியையும் கொடுத்திருந்தார்கள். கதையின் பொருளையும் பாத்திரங்களின் மனத்தையும் புரிந்துகொள்வதோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளில் இரு குழுக்களும் இரண்டாகப் பிரிந்து நின்றன. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒற்றுமை இருந்தது. குழுக்களுக்கிடையே அது குறைந்தது.

முதல் நாள் முதல் காட்சி பார்த்த நண்பர், "கதாநாயகனை நம்பாதே, அவ்வளவுதான் சொல்வேன்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைக்கிறார். அவர் கதையைக் கெடுக்கவில்லை என்று மனநிறைவு கொள்ளலாம். என்னைக் கேட்டால், அந்த ஒரு வரியோடு மாலைக் காட்சிக்குப் போகிறவர் பார்ப்பது வேறு ஒரு படம்.

இரண்டரை மணி நேரம் எப்படி ஒரே ஒரு சொல்லாகச் சுருங்குகிறது என்பது அடுத்த கேள்வி. பார்பரா ஃபிரெட்ரிக்சன், டேனியல் கானமன் ஆகிய இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு திரைத்துண்டுகளை வைத்தே நடந்தது. இனிமையான காட்சிகளும் அருவருப்பான காட்சிகளும் அடங்கிய குறும்படத் துண்டுகளைக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் நீளமான வடிவம் ஒன்று, குறுகிய வடிவம் ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு நொடி உணர்வைப் பதிவு செய்தார்கள்; முடிந்த பின் மொத்த மதிப்பீட்டைக் கேட்டார்கள். துண்டு எவ்வளவு நேரம் ஓடியது என்பது அந்த மொத்த மதிப்பீட்டை ஏறக்குறைய தொடவே இல்லை. உணர்வு உச்சத்தைத் தொட்ட நொடியும் முடிந்த நொடியும்தான் பெரும்பாலும் தீர்மானித்தன.

அதே ஆண்டு கானமனும் வேறு சிலரும் செய்த குளிர்நீர்ச் சோதனை இன்னும் புகழ்பெற்றது. 14 பாகை செல்சியஸ் நீரில் 60 நொடி கையை வைத்திருப்பது ஒரு முறை. அதே 60 நொடிக்குப் பிறகு மேலும் 30 நொடி, நீர் மெல்ல 15 பாகைக்கு ஏறும்வரை வைத்திருப்பது இன்னொரு முறை. எதைத் திரும்பச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் அதன் முடிவு சற்றே இதமாக இருந்தது.

நமது படங்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போது இடைவேளையை மறக்கக்கூடாது. இடைவேளை என்பது நடுவில் வைக்கப்பட்ட இன்னொரு முடிவு. விளக்கு எரிகிறது, தேத்தண்ணீருக்குப் போகிறோம், அங்கே முதல் பாதிக்கு ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "முதல் பாதி நல்லது, இரண்டாம் பாதி இழுவை" என்ற வாக்கியம் இவ்வளவு எளிதாக நம் வாயில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். படம் இரண்டு முடிவுகளோடு நினைவில் பதிகிறது; பின்னது முன்னதோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

இப்போது மறுபடியும், காட்சி முடிந்ததும் முதலில் பேசுகிறவரின் அந்த முதற்குரலுக்கு வருவோம். மத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். பிரபலமாகாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள். பங்கேற்றவர்கள் 14,341 பேர். அவர்களில் ஒரு பகுதியினர் பிறர் எதைத் தேர்ந்தார்கள் என்று அறியாமலே பாடல்களைக் கேட்டுத் தங்களுக்குப் பிடித்ததைத் தரவிறக்கினார்கள். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். எட்டு உலகங்களும் ஒரே நிலையிலிருந்துதான் தொடங்கின. ஆனால் ஓர் உலகத்தில் கொடிகட்டிப் பறந்த பாடல் இன்னொன்றில் நடுவில் கிடந்தது. மிகச் சிறந்தவை அடிமட்டத்துக்குப் போனது அரிது; மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. இடைப்பட்ட எல்லாவற்றுக்கும் எதுவும் நேரலாம் என்றிருந்தது. தொடக்கத்தில் வந்த சிலரின் தேர்வு, பின்னால் வந்தவர்களின் காதையே திருப்பிவிட்டது.

யாழ்ப்பாணம் சிறிய ஊர். வெள்ளிக்கிழமை முதல் காட்சி விட்டால், மாலைக்குள் திருநெல்வேலிச் சந்தி முதல் பஸ் நிலையம் வரை செய்தி பரவிவிடும். தமிழ்நாட்டில் படம் வெளியாகும் அன்றே இங்கும் வெளியாவதால், அங்கிருந்து வரும் குரல்களும் கூடவே சேர்ந்துகொள்கின்றன. மிகச் சிறந்த படத்தை முதற்குரல் கொல்லாது. மிக மோசமானதைக் காப்பாற்றாது. நடுத்தரமான, அமைதியான, புதியவர்கள் எடுத்த படங்கள்தான் அதன் தயவில் நிற்கின்றன. என் கவலையும் அவற்றைப் பற்றியதுதான்.

புகழுக்கும் பழிக்கும் ஒரே வலிமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செய்தித் தளத்தில் வாசகர்கள் இட்ட ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கருத்துகளில் சிலவற்றுக்குத் தாங்களே பொய்யாக ஒரு பாராட்டுக் குறியையோ பழிப்புக் குறியையோ முதலில் இட்டார்கள். பொய்ப் பாராட்டு பெற்றவை இறுதியில் சராசரியாக 25 விழுக்காடு கூடுதல் மதிப்பு பெற்றன. பொய்ப் பழிப்பைப் பிற வாசகர்கள் எதிர்வாக்கிட்டுச் சரிசெய்துவிட்டார்கள். ஆகவே முதலில் பேசுகிறவர் அளவுக்கு மீறிப் புகழ்ந்தாலும் அது கேடுதான். அதைத் திருத்த யாரும் முன்வருவதில்லை.

ஒத்த கருத்துள்ளவர்கள் கூடிப் பேசும்போது எல்லோரும் தொடங்கிய இடத்தைவிட இன்னும் தள்ளிப் போய் முடிக்கிறார்கள் என்பது 1969இல் செர்ஜ் மொஸ்கோவிசியும் மரிசா சவல்லோனியும் பிரெஞ்சு மாணவர்களிடம் கண்டது. "பரவாயில்லை" என்று தொடங்கிய நால்வர் கொத்து ரொட்டிக் கடையை விட்டு எழும்போது "இதைவிட நல்ல படம் இந்த ஆண்டு வரவில்லை" என்பார்கள்.

படம் பார்க்காதவருக்குப் படத்தைச் சொல்வது இன்னொரு கலை. யாழ்ப்பாணத்துக்கு இது நன்றாகத் தெரியும். 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜெனரேட்டரையும் வீடியோ டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் ஊரே கூடி, விடிய விடிய ஒன்றுக்கு மேற்பட்ட படங்களைப் பார்த்த காலம் அது. வரமுடியாதவர்களுக்கு மறுநாள் யாராவது கதை சொல்வார்கள். பாட்டு வரும் இடத்தில் பாடி, சண்டை வரும் இடத்தில் எழுந்து நின்று, வசனத்தை அப்படியே ஒப்புவித்துச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். அப்படிக் கேட்டே பல படங்களைத் "பார்த்த" தலைமுறை ஒன்று இன்றும் இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் படத்தை நிஜமாகப் பார்க்கும்போது, அவர்கள் மனத்தில் இருந்த காட்சி திரையில் இல்லாமற்போனதைச் சொல்வார்கள்.

2017இல் ஆசியே ஸாத்பூத் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதையே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் பார்த்தார்கள். ஒருவர் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பகுதியைப் பார்க்கிறார். பிறகு அதை நினைவிலிருந்து வாயால் சொல்கிறார். அந்தப் பதிவை, படத்தைப் பார்க்கவே பார்க்காத சிலர் கேட்கிறார்கள். பார்த்தபோது, சொன்னபோது, கேட்டபோது என்று மூன்று நிலைகளிலும் மூளையின் சில உயர்நிலைப் பகுதிகளில் காட்சிக்குக் காட்சி ஒத்த வடிவங்கள் தோன்றின. கேட்டவரின் மூளை வடிவம் பார்த்தவருடையதை எவ்வளவு நெருங்கியதோ, அவ்வளவு நன்றாக அவர் கதையைப் புரிந்துகொண்டிருந்தார். முற்றத்தில் எழுந்து நின்று சண்டைக் காட்சி சொன்னவர்கள் கேட்பவர் மூளையில் நிஜமாகவே படம் ஓட்டியிருக்கிறார்கள்.

ஆனால் சொல்பவர் விட்டுவிடுவதும் சேர்ந்தே கடத்தப்படுகிறது. அலெக்சாண்டுரு குக், ஜொனதன் கொப்பல், வில்லியம் ஹெர்ஸ்ட் ஆகியோர் 2007இல் காட்டியது இது: ஒருவர் ஒன்றை நினைவுகூரும்போது, அதோடு தொடர்புடைய, ஆனால் அவர் சொல்லாமல் விட்ட விவரங்கள் அவருக்கு மட்டுமல்ல, கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் மங்குகின்றன. இருவரும் முன்பு ஒன்றாகக் கற்ற விவரமாக இருந்தாலும் அப்படித்தான். கதாநாயகனின் தாயாக வந்தவரின் ஐந்து நிமிட நடிப்பை யாரும் பேச்சில் எடுக்கவில்லை என்றால், அதைக் கண்டு நெகிழ்ந்தவரின் நினைவிலும் அது பின்னுக்குப் போகிறது. ஒரு வாரம் கழித்துப் படம் என்றால் சண்டையும் முடிவும் மட்டும்தான்.

இவ்வளவு இருந்தும் நாம் ஏன் பேசுகிறோம்? டங்கன் கில்கிறிஸ்ட், எமிலி சாண்ட்ஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட பொருளியல் ஆய்வு இதற்கு அழகான விடை தருகிறது. அமெரிக்கத் திரையரங்குகளில் படம் வெளியாகும் வார இறுதியில் வானிலை காரணமாகக் கூட்டம் கூடினாலோ குறைந்தாலோ, அதன் விளைவு அதோடு நிற்கவில்லை. அடுத்த ஐந்து வார இறுதிகளில் அது இரட்டிப்பானது. மழைக்கும் படத்தின் தரத்துக்கும் தொடர்பில்லை. ஆகவே மழைக்கு ஒதுங்கியவர்களைத் தொடர்ந்து மற்றவர்கள் வருவதற்குப் படம் நல்லது என்ற தகவல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த விளைவு அந்தந்த ஊருக்குள்ளேயே பரவியது. நல்ல படத்துக்கும் மோசமான படத்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மற்றவர்கள் பார்த்ததைத் தானும் பார்த்திருக்க வேண்டும், அந்தப் பேச்சில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை அதில் ஒரு பங்கு வகிக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த ஆசை நல்லது. வெலிங்டன், ரீகல், வின்சர் என்று அரங்குகள் நிறைந்திருந்த நகரம், அவற்றை இழந்து, மறுபடியும் திரையரங்குக்குப் போகப் பழகிய நகரம் இது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவில், பெயரே கேள்விப்படாத நாட்டுப் படங்களுக்கு முன்னால் நாம் எந்த முன்தீர்ப்பும் இல்லாமல் உட்கார முடிகிறது. அங்கே முதற்குரலே இல்லை. சால்கனிக்கின் சோதனையில் பிறர் தேர்வை அறியாமல் கேட்டவர்களின் நிலை அது. அப்படிப் பார்த்த படத்தைப் பற்றிய கலந்துரையாடல் எனக்கு எப்போதும் அதிகம் தருகிறது.

வழக்கமான படங்களுக்கும் இதைச் செய்யலாம். "படம் எப்படி?" என்று கேட்பதற்குப் பதிலாக "எந்தக் காட்சி கண்ணுக்குள் நிற்கிறது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். காரணம் கேட்பதைச் சற்றுத் தள்ளிப்போடலாம்: திமத்தி வில்சனும் மற்றவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஏன் பிடித்தது என்று காரணம் எழுதிவிட்டுச் சுவரொட்டியைத் தேர்ந்தவர்கள், காரணம் எழுதாமல் தேர்ந்தவர்களைவிடச் சில வாரங்கள் கழித்துத் தம் தேர்வில் குறைந்த நிறைவே கொண்டிருந்தார்கள். வாயில் எளிதில் வரும் காரணம் உண்மையான காரணமாக இருக்கவேண்டியதில்லை. இன்னும் எளிய வழி, வெளியே வந்ததும் யாரும் பேசுவதற்கு முன், ஆளுக்கொரு மதிப்பெண்ணை டிக்கெட்டின் பின்புறம் எழுதி மடித்து வைத்துக்கொள்வது. பேசி முடித்தபின் மறுபடி ஒரு மதிப்பெண் எழுதுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில்தான் உங்கள் நண்பர்களின் பங்கு இருக்கிறது.