பஞ்சு மாதிரித்தானே மிஸ்?

போன ஞாயிறு இரவு எட்டரைக்கு வந்தது, இந்த வருசத்தில் எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்கு இதே கதையோடு வந்த மூன்றாவது பிள்ளை. இரண்டு வயதும் சொச்சமும். ஏ-35 வீதியோரக் கிராமம் ஒன்றிலிருந்து கொண்டுவந்தார்கள் (ஊரையும் வயதையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்). நான்கு நாளுக்கு முன் அண்ணன்காரனுக்குப் பிறந்தநாள். குசினியில் தாச்சி நிறைய இனிப்பும் உப்புமாய்ப் பொப்கோர்ன் பொரித்து, பெரிய தட்டில் கொட்டி நடுப்பாயில் வைத்திருக்கிறார்கள். சின்னதும் அள்ளித் தின்றிருக்கிறது. ஒருக்கால் புரையேறி, முகம் சிவந்து, இருமி, அப்புறம் அடங்கிவிட்டது. அடங்கியதும் எல்லோரும் கேக் வெட்டப் போய்விட்டார்கள். நான்காம் நாள் காய்ச்சல், ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இழுப்பு. இடையில் பாமசியில் வாங்கிய சளிப்பாணி வேறு.

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் முதல் தடவையில் ஒருவரும் பொப்கோர்னைச் சொல்வதில்லை. தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகு அம்மம்மா சொன்னார், "அது பஞ்சு மாதிரித்தானே மிஸ், வாயில வைச்ச உடன கரைஞ்சிடும்."

இந்த ஒரு வசனத்தை எத்தனை தடவைதான் கேட்பது! தயவுசெய்து இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். நாலைந்து பொரியைத் தண்ணீர்க் கிளாசில் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். வெள்ளைப் பகுதி ஊறிச் சுருங்கியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் மண்ணிறத் தோல் அப்படியே கிடக்கும், வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி. பாதி பொரிந்ததும் பொரியாததும் கல்லுத்தான். அதை அரைக்கக் கடைவாய்ப் பல் முழுதாக வேண்டும், மெல்லுகிற பொறுமையும் வேண்டும். அதனால்தான் நான்கு வயது முடியும்வரை பொப்கோர்ன் வேண்டாம் என்கிறோம். கச்சானும் அப்படித்தான், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தாலும் சரி.

எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லையாம் என்று நிம்மதிப்படாதீர்கள். விழுங்கிய காசு பளிச்சென்று தெரியும், சோளத்தோல் தெரியாது. அந்தப் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மயக்கி, மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுத்தான் எடுத்தார்கள். எனவே, தின்னும்போது திடீரென்று புரையேறி இருமிய பிள்ளை பிறகு சிரித்து விளையாடினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், என்ன தின்றது என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். தண்ணீர் பருக்குவது, வாழைப்பழம் தீத்துவது, கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, ஒன்றும் வேண்டாம். சத்தமே வரவில்லை, மூச்சு எடுக்க முடியவில்லை என்றால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலே ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்ததற்கு வயிற்றை அழுத்தக் கூடாது. நெஞ்சு நடுவில்தான் அழுத்த வேண்டும். இன்னொருவர் 1990 அம்புலன்சுக்கு அழைக்கட்டும்.

பொரிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் கவனம் சீனியில் வேண்டும். எண்ணெய் சூடாகி இரண்டு மூன்று சோளமணி வெடித்த பிறகு மிச்சச் சோளத்தோடு சீனியைப் போட்டு, மூடி, தாச்சியை ஆட்டிக்கொண்டே இருங்கள். வெடிச்சத்தம் இரண்டு மூன்று செக்கனுக்கு ஒன்றாகக் குறைந்ததும் இறக்கி அகலத் தட்டில் கொட்டி உப்பைத் தூவுங்கள். ருசி பார்க்கக் கைவைக்காதீர்கள்! உருகிய சீனி கொதிதண்ணீரைவிடச் சூடு, தோலில் ஒட்டினால் வழியாது. சுட்டுவிட்டால் இருபது நிமிசம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒட்டிய சீனியைப் பிய்க்காதீர்கள். பற்பசை பூசிக்கொண்டு வருபவர்களுக்கு அதைக் கழுவியெடுக்கிற வேதனை தனி, எங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆறியதும் தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் பொரியாத மணி அடிக்குப் போகும். மேலால் அள்ளிப் பரிமாறிவிட்டு அடியில் கிடப்பதைக் கோழிக்குப் போடுங்கள். கொண்டாட்டம் முடிந்ததும் பாயை வெளியில் உதறுங்கள், காலையில் முதலில் எழும்பித் தவழ்கிறவர் கண்ணில்தான் அதெல்லாம் படும். சின்னதுகளுக்கு வேறு தட்டு: பப்பாப்பழம், இடியப்பம், அவித்த முட்டை நசித்தது.

அந்தப் பிள்ளை செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போய்விட்டது. அம்மம்மா, எடுத்த சோளத்தோல் துண்டைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார். ஊரில் காட்டவாம்.