பனியை நக்கும் நாய்: முதலில் தண்ணீர் வட்டிலைப் பாருங்கள்

ஜனவரி மாதம் காலை ஆறரை மணிக்கு ஊட்டியில் யாராவது எனக்கு போன் செய்தால், பாதி நாள் அது பனி விஷயமாகத்தான் இருக்கும். போன வருடம் காந்தலிலிருந்து ஒருவர் பதறிப்போய் அழைத்தார். "டாக்டரம்மா, நம்ம மணி புல்லு மேல இருக்கிற பனியை நக்கி நக்கித் தின்னுது. இழுத்தாலும் வரமாட்டேங்குது. நெஞ்சுல சளி கட்டிக்குமா?"

"ஒண்ணும் ஆகாதுண்ணா. முதல்ல அதோட தண்ணி வட்டிலப் போய்ப் பாருங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அய்யோ, மேல கண்ணாடி மாதிரி உறைஞ்சு கெடக்கும்மா" என்றார்.

சமவெளியில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நீலகிரியில் காஷ்மீர் மாதிரி வானத்திலிருந்து பனி கொட்டாது. நவம்பரில் நீர்ப்பனி விழும். டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும்போது, தலைக்குந்தா, காந்தல், ரேஸ் கோர்ஸ் போன்ற பள்ளமான இடங்களில் புல் நுனியெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அதுதான் உறைபனி. வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். அதற்குள் சுற்றுலாப் பயணிகள் செல்பி எடுத்துவிடுவார்கள், நாய்கள் நக்கிவிடும்.

ஏன் நக்குகின்றன? சில நாய்களுக்கு அது வெறும் விளையாட்டு. நாக்கில் பட்டதும் கரையும் பொருள், கூடவே இரவில் அந்தப் புல்லைக் கடந்து போன காட்டெருமை, பூனை எல்லாவற்றின் வாசனையும். சில நாய்களுக்கு உண்மையிலேயே தாகம். நம் ஊர்க் குளிர்காலம் வறண்ட காலமும்கூட என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தோல் வெடிக்கிறது, உதடு வெடிக்கிறது, ஆனால் நாய்க்குத் தண்ணீர் வேண்டும் என்று தோன்றுவதில்லை. ராத்திரி வாசலில் வைத்த ஸ்டீல் வட்டிலில் காலையில் ஆடை கட்டியிருக்கும். அது வேண்டாமென்று நாய் புல்லுக்குப் போகிறது. கால் மணி நேரம் நக்கினாலும் அதில் சில ஸ்பூன் தண்ணீர்கூடத் தேறாது. தாகம் அடங்காமல் மறுபடியும் நக்கும்.

பனியால் சளி பிடிக்காது. நாய்க்கு வரும் இருமல், மூக்கொழுகல் எல்லாம் பெரும்பாலும் இன்னொரு நாயிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் தொற்று. வெறும் வயிற்றில் நிறைய நக்கினால் ஒரு முறை நுரையாக வாந்தி எடுக்கலாம், அவ்வளவுதான். குட்டிகள், வயதானவை, உடம்பு சரியில்லாதவை மட்டும் நடுங்கும் அளவுக்கு வெளியே நிற்கக் கூடாது. இன்னொன்று: குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று நாய்க்கு பிராந்தி ஊற்றுகிறவர்கள் இந்த மலையில் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரைக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை மாற்றி வையுங்கள். சோற்றைக் கொஞ்சம் தளர்வாகப் பிசையுங்கள். அது போதும்.

என் கவலை பனியைப் பற்றியது இல்லை, பனிக்கு அடியில் இருப்பதைப் பற்றியது.

முதலில் தோட்டம். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று எதுவானாலும் மருந்து அடிக்காத தோட்டம் இங்கே குறைவு. முந்தின நாள் அடித்த மருந்து இலையிலும் வரப்புப் புல்லிலும் படிந்திருக்கும். அதன் மேல் உறைந்த பனியை நாய் நக்கினால் மருந்தும் சேர்ந்தே உள்ளே போகும். வாயில் எச்சில் கொட்டுவது, தசை துடிப்பது, கண்மணி சுருங்குவது, பேதி என்று வந்தால் காத்திருக்காதீர்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள். பெயர் தெரிந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, கூலன்ட், அதாவது கார் எஞ்சின் கொதிக்காமலிருக்க ஊற்றும் திரவம். பர்லியாறு தாண்டி மூச்சிரைக்க ஏறி வரும் கார்கள் மலைமேல் வந்து கொதித்து நிற்கும். சாலையோரத்தில் பானெட்டைத் திறந்து, பழையதைக் கீழே வடித்துவிட்டு, புதிதை ஊற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தரையில் பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ ஒரு குட்டை மிஞ்சும். கூலன்ட்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். சுற்றிலும் உள்ள தண்ணீர் உறைந்தாலும் அது உறையாது. தாகத்தோடு அலையும் நாய்க்கு வேறென்ன வேண்டும்? பத்து கிலோ நாய் ஒன்றின் உயிருக்குத் தண்ணீர் கலக்காத கூலன்ட் 50 மில்லி போதும்.

அரை மணி நேரத்திலேயே குடிகாரனைப்போல் தள்ளாடும், வாந்தி எடுக்கும், மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கும், நிறைய சிறுநீர் போகும். அப்புறம்தான் ஏமாற்று வேலை. பாதி நாளில் தெளிந்ததுபோல் எழுந்து நிற்கும். வீட்டுக்காரர்களும் "எதையோ தின்னுட்டு வந்திருக்கு, சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். ஓரிரு நாளில் சிறுநீரகம் நின்றுபோய் என்னிடம் வரும். முறிவு மருந்து எட்டு மணி நேரத்துக்குள் உள்ளே போனால்தான் நம்பிக்கை. மூன்றாம் நாள் தூக்கி வந்த நாய்களில் ஒன்றைக்கூட என்னால் திருப்பி அனுப்ப முடிந்ததில்லை. ஒர்க் ஷாப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் காலையில் ஒரு தடவை தரையைப் பார்த்துவிட்டு நாயை அவிழ்த்துவிடுங்கள்.

நாய் தண்ணீர் குடிப்பதே ஒரு வேடிக்கை. நம்மைப்போல் உறிஞ்ச அதற்குக் கன்னம் அமையவில்லை, வாய் பக்கவாட்டில் பிளந்து கிடக்கிறது. அதனால் நாக்கைப் பின்பக்கமாகக் கரண்டிபோல் மடித்துத் தண்ணீரில் அடிக்கிறது. அந்தக் கரண்டியில் அள்ளித்தான் குடிக்கிறது என்று நானும் படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2015ல் வெளியிட்டார்கள். நாக்கை வெடுக்கென்று இழுக்கும்போது அதன் பின்னாலேயே ஒரு தண்ணீர்த் தூண் எழும்புகிறது, அது விழுவதற்குள் நாய் கடித்துக்கொள்கிறது. கடியில் தப்பியதுதான் உங்கள் சமையலறைத் தரையில். நாயைத் திட்டிப் பயனில்லை.

வட்டிலில் காலை விட்டுப் பிறாண்டுவது, அதைக் கவிழ்த்துவிட்டுக் குடிப்பது, சொட்டும் குழாயில் மட்டும் குடிப்பது எல்லாம் பெரும்பாலும் சின்னக் காரணங்களால் வருபவை. வெலிங்டனில் ஒரு லாப்ரடார் தன் வட்டிலைச் சீண்டாமல் மாப் பக்கெட்டில்தான் வாய் வைக்கும். போய்ப் பார்த்தால், பாத்திர சோப்பு போட்டுத் தேய்த்த வட்டிலை அரைகுறையாக அலசியிருந்தார்கள். இன்னொன்றுக்குக் கழுத்து மணி வட்டிலின் விளிம்பில் இடித்து டங்கென்று கேட்பது பிடிக்கவில்லை. மணியைக் கழற்றினார்கள், குடித்தது.

தேங்கிய தண்ணீர் மட்டும் வேடிக்கை இல்லை. கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவுகிற இடங்களில் வழிந்து நிற்கும் தண்ணீரில் நாய்கள் வரிசையாகக் குடிப்பதைப் பார்க்கலாம். எலிகளும் அங்கேதான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும் லெப்டோ என்ற கிருமி, நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்கும். கண் மஞ்சளாகும். அதே கிருமி மனிதர்களுக்கு எலிக்காய்ச்சலாக வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு, வருடா வருடம் போட வேண்டும். "வீட்டு நாய்தானே" என்று விடுபவர்கள்தான் அதிகம்.

சரி, அளவுக்கு வருவோம். ஆரோக்கியமான நாய் ஒரு நாளைக்குத் தன் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை குடிக்கும். இருபது கிலோ நாய் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர். குளிரில் இது இன்னும் குறையும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் உள்ளே ஏதோ கோளாறு. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலால் காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்தால் போதும்.

படுகர்களின் ஹெத்தை பண்டிகை முடிந்த வாரம், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒரு பாட்டி எட்டு வயதுப் பெண் நாயைக் கூட்டி வந்தார். "பனி தின்னுற பழக்கம் புதுசா வந்திருக்கும்மா. ராத்திரி வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிடுது, அதான் தண்ணியக் குறைச்சிட்டேன்" என்றார்.

"எப்ப பாட்டி பருவத்துக்கு வந்துச்சு?"

"அது ஆகும், ஒரு ஒன்றரை மாசம்."

வயிறு உப்பியிருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அந்தச் சீழின் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்க, நாய் தாகத்தில் குழாய், குட்டை, பனி என்று எதையும் விடவில்லை. தண்ணீரைக் குறைத்தது அதை இன்னும் வாட்டியிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன் செய்தோம், பிழைத்துக்கொண்டது. கருத்தடை செய்திருந்தால் இது வந்தே இருக்காது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இவற்றுக்கும் இதே முகம்தான். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் தாகத்தைக் கூட்டும். எந்தக் காரணமானாலும் தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது நாயைவிட உங்களுக்கு. வெறிநாய் தண்ணீரைக் கண்டால் ஓடும் என்ற நம்பிக்கை. வெறிநாய்க்கடி ஊசிக்கென்றே பேர்போன பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907ல் இருந்து குன்னூரில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலும் இது சாகவில்லை. தண்ணீரைக் கண்டு மிரள்வது நோய் முற்றிய மனிதர்களிடம் காணும் அறிகுறி. வெறி பிடித்த நாய் தண்ணீருக்கு அஞ்சுவதில்லை. தொண்டை செயலிழக்கும்வரை அது குடிக்கும், அப்புறமும் குடிக்கப் பார்க்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் தன் நாய்க்கு மருந்து வாங்க வந்தார். கெண்டைக்காலில் கட்டு. தெருநாய் கடித்து இரண்டு நாளாயிற்று, ஊசி போடவில்லை. "தண்ணி வெச்சுப் பார்த்தேன் டாக்டரம்மா, நல்லாக் குடிச்சுது" என்றார். அங்கேயே கட்டைப் பிரித்து, குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவவைத்து, நேராக அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். சாயங்காலம் முதல் ஊசி போட்ட சீட்டை போட்டோ எடுத்து அனுப்பினார். அந்த நாயை அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாரும் பார்க்கவில்லை.