அதே ஸ்கிரிப்ட், வேற சர்வர்: ‘தமிழ்’ எப்படி 15 ஆச்சு?

ஒரு வாசகர் கேட்டிருந்தாரு: “பழைய சர்வர்ல நல்லா ஓடின ஸ்கிரிப்ட் புது சர்வருக்கு மாத்தினதும் வேலை செய்யல, பைல்ல ஒரு புள்ளி கூட மாத்தல, தேடல் பெட்டியில ‘தமிழ்’னு அடிச்சா முன்னாடி ரிசல்ட் வந்துச்சு, இப்ப எதுவுமே வரல, எரரும் காட்டல. ஏன்?”

வழக்கமான காரணங்கள சட்டுன்னு சொல்லிடறேன். லினக்ஸ் சர்வர் பைல் பேர்ல சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் பாக்கும், விண்டோஸ் பெரும்பாலும் பாக்காது. சில சர்வர்கள், பிரவுசர்ல ஓட வேண்டிய ஸ்கிரிப்ட வெறும் டெக்ஸ்ட்னு சொல்லி அனுப்பும், கூடவே ‘சொன்ன வகைய மீறி ஊகிக்காதே’ங்கற ‘நோஸ்னிஃப்’ ஹெடர் (பைலோட சேத்து சர்வர் அனுப்பற குறிப்பு) இருந்தா பிரவுசர் அத ஓட்டவே மாட்டேன்னுடும். ஆனா இதுக்கெல்லாம் கன்சோல்ல, அதாவது பிரவுசர் எரர் காட்டற இடத்துல, சிவப்பா எரர் வந்துடும். இவருக்கு எரரே வரலங்கறதுதான் முக்கியமான தடயம்.

இங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் வருது. சர்வர் அனுப்பறது எழுத்து இல்ல, வெறும் பைட், அதாவது 0லருந்து 255 வரைக்கும் உள்ள எண்கள். எழுத்த பைட்டா மாத்தற யூடிஎஃப்-8 முறையில ‘அ’ங்கறது 224, 174, 133னு மூணு பைட். தமிழ் எழுத்து எதை எடுத்தாலும் முதல் பைட் 224தான், ரெண்டாவது 174 இல்லன்னா 175, அதுவும் மூணாவதும் சேந்துதான் எந்த எழுத்துன்னு சொல்லும். 1992ல கென் தாம்சனும் ராப் பைக்கும் ஒரு உணவகத்துல உக்காந்து, தட்டுக்கு அடியில விரிக்கிற பேப்பர்ல இந்த முறைய வரைஞ்சாங்க. அவங்க இருந்த பெல் லேப்ஸ் ஒரு டெலிபோன் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடம். நாளைக்கே லாபம் வருமான்னு கேக்காம ஆராய்ச்சிக்குக் காசு குடுத்தா என்ன கிடைக்கும்னு யாராவது கேட்டா நான் இதத்தான் காட்டுவேன்.

சரி, இந்த மூணு பைட்ட மூணா சேத்துப் படிக்கணும்னு பிரவுசருக்கு யார் சொல்றது? சர்வர்தான், ‘கன்டென்ட்-டைப்’ ஹெடர்ல ‘சார்செட்’னு ஒரு சின்ன வார்த்தை போட்டு. அது ஸ்கிரிப்டுக்கு வரலன்னா, பக்கத்துல ஸ்கிரிப்ட கூப்பிடற ‘ஸ்கிரிப்ட் டேக்’ வரியிலயும் சொல்லலன்னா, பக்கம் எந்த முறையில இருக்கோ அதையே பிரவுசர் ஸ்கிரிப்டுக்கும் வச்சுக்கும். பக்கத்துக்கும் யாரும் சொல்லலன்னா பிரவுசரே ஊகிக்கும், பல சமயம் விண்டோஸ்-1252னு ஒரு பழைய முறைக்குப் போயிடும், அதுல ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. இப்ப அதே ‘அ’ எப்படி மாறுது பாருங்க: தலையில சாஞ்ச கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள்ள ஆர், அப்பறம் மூணு புள்ளி!

ஸ்கிரிப்ட் உள்ள எழுதியிருக்கற ‘தமிழ்’ இப்படித்தான் சிதைஞ்சிருக்கு. பெட்டியில நாம அடிக்கற ‘தமிழ்’ சரியாவே இருக்கு, ஏன்னா அது பைல் வழியா வரல. ரெண்டும் எப்பவுமே பொருந்தாது, ஆனா பிரவுசருக்கு ரெண்டுமே ஒழுங்கான எழுத்துச் சரம், அதனால எரர் சொல்ல அதுக்குக் காரணமே இல்ல. அவரோட பக்கத்துல மத்த எழுத்தெல்லாம் ஆங்கிலம், அது ரெண்டு முறையிலயும் ஒண்ணுதான், அதனால கண்ணுக்கும் தெரியல.

சோதிக்க வழி எளிசு. ஸ்கிரிப்ட்ல அந்த வார்த்தையோட நீளத்த கன்சோல்ல காட்டச் சொல்லுங்க. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, மொத்தம் 5 வரணும். வாசகரும் செஞ்சு பாத்தாரு, பழைய சர்வர்ல 5, புதுசுல 15! அஞ்சுக்கும் தலா மூணு பைட், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாயிடுச்சு.

“கேஷ் (பிரவுசர் சேத்து வச்ச பழைய காப்பி) கிளியர் பண்ணு, சர்வர ரீஸ்டார்ட் பண்ணு”ன்னு மந்திரம் மாதிரி சொல்றாங்களே, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. ஒருவேளை சரியாப் போனாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, அப்ப அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். எஃப்12 அமுக்கி நெட்வொர்க் டேப்ல ரெண்டு சர்வரோட ஹெடரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, வித்தியாசம் அங்கயே எழுதியிருக்கும்.

இவருக்கு பழைய சர்வர் யூடிஎஃப்-8னு சொல்லிட்டு இருந்துச்சு, புதுசு எதுவுமே சொல்லல. பக்கத்தோட தலைப்பகுதியில, முதல் 1024 பைட்டுக்குள்ள, எந்த முறைன்னு பக்கமே சொல்ற சார்செட் மெட்டா டேக் வரி ஒண்ணு சேத்தாரு, தேடல் வந்துடுச்சு. ஆனா சர்வரே ஹெடர்ல தப்பான முறைய சொல்லிட்டு இருந்தா மெட்டா டேக் செல்லாது, ஹெடர் பேச்சுதான் எடுபடும், அப்ப சர்வர் செட்டிங்லதான் திருத்தணும்.