அவர் வர மறுக்கிறாரா? நீங்கள் வாருங்கள்

மதுப்பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்குவது என் தொழில். முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் குடிப்பவரிடமிருந்து வருவதில்லை. மனைவி அழைப்பார், அல்லது தாய், சில வேளைகளில் திருமணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்ட மகள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு அவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “அவர் வரவே மாட்டேங்கிறார், நான் மட்டும் வந்து என்ன ஆகப் போகுது?” குடிப்பவர் தாமாக மனம் திருந்தி வந்தால்தான் சிகிச்சை தொடங்க முடியும் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறானது என்பதற்குப் பல ஆண்டுகளாகவே ஆய்வுச் சான்றுகள் இருந்தும், அவை தேவைப்படும் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே என் கவலை.

சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மதுவைத் தீங்கான முறையில் பயன்படுத்தும் கோளாற்றுக்கு ஆளானவர்கள் 4.1 விழுக்காட்டினர். அதைவிட என்னைப் பாதித்த தகவல், உதவி நாடுவதில் ஏற்படும் தாமதம் பற்றியது. சிக்கல் தொடங்கியதற்கும் உதவி நாடியதற்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு 2010ஆம் ஆண்டு ஆய்வில் 13 ஆண்டுகளாக இருந்தது. 2016இல் அது 4 ஆண்டுகளாகக் குறைந்தது. குறைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனாலும், அப்பாவின் குடி முற்றத் தொடங்கிய ஆண்டில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளை, அந்த நான்கு ஆண்டுகளில் தொடக்கநிலை நான்கை முடித்திருக்கும். அந்தப் பிள்ளை வீட்டில் எதைப் பார்த்து வளர்ந்தது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

தாமதத்துக்கு முதற்காரணம் மானம். உலகச் சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் மேற்கொண்ட ஓர் ஆய்வில், சமூகம் மிகக் கடுமையாக ஒதுக்கும் நிலைகளின் வரிசையில் போதைப்பொருள் பழக்கமும் குடிநோயும் முன்னணியில் இருந்தன. நம்மிடையே அந்த ஒதுக்கலுக்குக் கூடுதல் கூர்மை உண்டு. இது சின்ன ஊர். தேக்காவில் ஒருவர் பார்த்தால் யீஷூனில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், மகளுக்கு வரன் பார்க்கும்போது யாராவது வாயைத் திறந்துவிடுவார்களோ என்ற பயம். எனவே குடும்பம் மறைக்கிறது. மறைப்பது நாளடைவில் தனி வேலையாகவே ஆகிவிடுகிறது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒருவரின் நிலையைச் சொல்கிறேன். கணவர் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். இரவு 10.30 மணிக்கு மேல் கடைகளில் மது விற்கக் கூடாது என்று 2015இல் வந்த சட்டத்தை அவர் தமக்கேற்றபடி பழகிக்கொண்டார். பத்து மணிக்கே நான்கைந்து கேன்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். காலையில் எழ முடியாது. மனைவிதான் மேற்பார்வையாளரை அழைத்து, “அவருக்கு வயித்துவலி” என்பார். பொய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க, எந்தத் தேதியில் எந்த நோயைச் சொன்னோம் என்று கைப்பேசியில் குறித்து வைத்திருந்தார். புதுமனைப் புகுவிழாக்களுக்குத் தனியாகப் போய், “அவருக்கு ஓவர்டைம்” என்று சிரித்தபடி சொல்வார். மைத்துனரிடம் வாங்கிய கடனைத் தம் சம்பளத்திலிருந்து அடைத்தார். என் முன் உட்கார்ந்தபோது அவருடைய இரத்த அழுத்தம் கணவருடையதைவிட மோசமான நிலையில் இருந்தது.

ஜிம் ஆர்ஃபர்ட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், இப்படிப்பட்ட குடும்பத்தினரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இங்கிலாந்திலும் மெக்சிகோ நகரிலும் குடும்பங்களிடம் அவரும் சக ஆய்வாளர்களும் விரிவாகப் பேசினார்கள். பண்பாடு வேறாக இருந்தும் குடும்பத்தினர் பட்ட பாடு பெருமளவு ஒத்திருந்தது. அவர்கள் நிலைமையைச் சமாளிக்கும் விதங்களை அவர் மூன்றாகப் பார்த்தார்: பொறுத்துக்கொண்டு போவது, எதிர்த்து நின்று மாற்ற முயல்வது, விலகித் தம் வாழ்க்கையைக் கவனிப்பது. பெரும்பாலானோர் ஒரே வாரத்தில் மூன்றுக்கும் இடையே அலைகிறார்கள். ஆர்ஃபர்டின் பார்வையில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் குடும்பத்தினரை நோயாளிகளாகவோ குடிக்குத் துணைபோகிறவர்களாகவோ பார்க்கவில்லை என்பதுதான். கடுமையான, நீண்டகால நெருக்கடியில் சிக்கிய சாதாரண மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் சமாளிக்கிறார்கள் என்றே அவர் பார்த்தார். “நீ கண்டிச்சு வச்சிருந்தா அவன் இப்படி ஆகியிருப்பானா?” என்று மருமகளைக் கேட்கும் மாமியார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழக்கமாக இவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள் இரண்டு. ஒன்று, உறவினர்கள் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து கண்டிப்பது. மற்றொன்று, “பட்டால்தான் புத்தி வரும், விட்டுவிடு” என்பது. கண்டிப்பதைப் பொறுத்தவரை, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக இருக்கிறது: ஆலோசகர் எந்த அளவுக்கு எதிர்த்து வாதாடினாரோ, அந்த அளவுக்கு அவரிடம் வந்தவர் ஓராண்டுக்குப் பிறகு கூடுதலாகக் குடித்தார். பயிற்சி பெற்ற ஆலோசகரின் கண்டிப்பே இப்படி முடியுமென்றால், பெரியப்பாவின் கண்டிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய குடும்பப் பயிற்சி முறை அது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘கிராஃப்ட்’ என்பார்கள். சிகிச்சைக்கு வர மறுப்பவரை விட்டுவிட்டு, அவர்மேல் அக்கறை கொண்டவருக்குப் பயிற்சி தருவதே இதன் அடிப்படை. 1999இல் மில்லர், மேயர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தினர் 130 பேர் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். கிராஃப்ட் முறையில் பயிற்சி பெற்றவர்களின் வீடுகளில், சிகிச்சையை மறுத்துவந்தவர்களுள் 64 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வந்தனர். குடும்பம் திரண்டு நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் 30 விழுக்காட்டினரும், அல்-அனான் எனப்படும் குடும்பத்தினருக்கான ஆதரவுக் குழுக்களின் வழியில் 13 விழுக்காட்டினரும் வந்தனர். அல்-அனானுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: குடிப்பவரை அழைத்துவருவது அதன் நோக்கமே அன்று, குடும்பத்தினரின் மன அமைதியே அதன் நோக்கம். அந்த வகையில் அது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

நடைமுறையில் இந்தப் பயிற்சி எப்படி இருக்கும்? முதலில் கவனிப்பது. எந்தக் கிழமை, யாருடன் இருந்த பிறகு, எந்த மனநிலையில் அவர் அதிகம் குடிக்கிறார், எப்போதெல்லாம் குடிக்காமல் இருக்கிறார் என்று ஓரிரு வாரம் குறித்துக்கொள்ளச் சொல்வோம். அடுத்தது, குடிக்காத நேரத்தை இனிமையாக்குவது. இது பலருக்கு எரிச்சலூட்டும், “அத்தனையும் செய்த மனுஷனைக் கொஞ்சணுமா?” என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அவர் குடித்திருக்கும்போது சண்டையாவது நடக்கிறது. குடிக்காத மாலையில் யாரும் அவரிடம் பேசுவதே இல்லை. அப்படிப்பட்ட ஒரு மாலையில் மேலே சொன்ன மனைவி சொல்லிப் பார்த்த வார்த்தைகள் இவை: “இன்னைக்கு நீங்க குடிக்கலைங்க. பையன் ரொம்ப நேரமா உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான், பாத்தீங்களா? எனக்கும் நிம்மதியா இருக்கு.” அதற்குமேல் அறிவுரை இல்லை, பழைய கணக்கு இல்லை. அவர் குடித்துவிட்டு வரும் இரவில், விவாதம் செய்யாமல் பிள்ளைகளுடன் அறைக்குப் போய்விடுவார்.

மூன்றாவது, குடியின் விளைவுகளை அவருக்காகச் சுமப்பதை நிறுத்துவது. இதைச் சொல்ல வேண்டியது காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது: “இனிமே உங்க சூப்பர்வைசருக்கு நான் போன் பண்ண மாட்டேங்க, நீங்களே பேசிக்கோங்க. கோபத்துல சொல்லல. பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நெஞ்சு படபடங்குது.” எல்லா விளைவுகளையும் இப்படி விட்டுவிட முடியாது, குடித்துவிட்டு வண்டி எடுக்கப் போகிறவரின் சாவியை வாங்கி வைத்தே ஆக வேண்டும். இதில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்பதை வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறோம்.

கடைசியாக, அழைக்கும் தருணம். ஏதாவது ஒன்று அவரையே உலுக்கியிருக்கும். வேலையிடத்தில் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும், அல்லது மகனின் பள்ளி நிகழ்ச்சிக்குப் போக முடியாமல் போயிருக்கும். அப்போது சுருக்கமாக, “நான் ஒருத்தர்கிட்ட பேசிட்டு வர்றேன். நல்லாக் கேக்குறாங்க. ஒரே ஒரு தடவை என்கூட வாங்க, பிடிக்கலைன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன்” என்றால் போதும். அவர் சரி என்றால் அடுத்த சில நாள்களுக்குள் சந்திப்பு கிடைக்கும்படி முன்னரே ஆலோசகரிடம் பேசி வைத்திருக்க வேண்டும். ஆறு வாரம் தள்ளி நாள் கொடுத்தால் அந்த மனம் இருக்காது.

அடி, மிரட்டல், பொருள்களை உடைத்தல் ஆகியவை இருக்கும் வீட்டில் இந்த வழிகளைத் தனியாக முயன்று பார்க்காதீர்கள். அங்கே முதல் வேலை உங்கள் பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும்தான். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

நம் சமூகத்துக்கே உரிய ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். தைப்பூசத்துக்காக அல்லது சபரிமலைக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் சொட்டு மது தொடாமல் இருப்பவர்கள் பலர். மாலையைக் கழற்றிய வாரமே மீண்டும் தொடங்கிவிடுவார்கள். “சாமிக்குப் பயப்படுறார், எங்களுக்குப் பயப்படல” என்று குடும்பம் நொந்துபோகிறது. நான் இதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். விரதக் காலத்தில் பக்தியோடு சேர்ந்து அவருடைய சூழல் முழுவதுமே மாறுகிறது: விடிகாலைக் குளியல், மாலையில் கோயில், சைவச் சாப்பாடு, உடன் விரதமிருக்கும் நண்பர்கள். காப்பிக்கடையில் பழைய கூட்டாளியும் “சாமி” என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுப் பீர் ஊற்றாமல் இருக்கிறான். சூழலின் வலிமைக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. வியட்நாம் போரிலிருந்து 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். அங்கே ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஹெராயின் போன்ற பொருள்களுக்கு அடிமையாகியிருந்தார். ஆனால் அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் 12 விழுக்காட்டினர் மட்டுமே. போர்க்களம் போய் வீடு வந்ததும் பெரும்பாலோரிடம் பழக்கம் விட்டுப்போனது. மாலை கழற்றுபவருக்கு நடப்பது இதற்கு நேர்மாறு: நல்ல சூழலிலிருந்து பழைய சூழலுக்கு ஒரே நாளில் திரும்புகிறார். ஆகவே விரதத்தின் கடைசி வாரங்களே சிகிச்சையைப் பற்றிப் பேச மிகச் சிறந்த காலம். கோயில் தொண்டர்களும் குருசாமிகளும் இதில் செய்யக்கூடியது ஏராளம்.

மீண்டும் குடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணமும் ஆபத்தானது. ஒரு தடவை தவறியவர் “இனி என்ன இருக்கிறது” என்ற குற்றவுணர்விலேயே முழுவதுமாக விழுந்துவிடுவதை ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 2000ஆம் ஆண்டில் வெளியான மெக்லெல்லன் குழுவினரின் கட்டுரை, போதைப்பழக்கத்தில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் பாதிக்கப்படுகின்றனர் என்றும், உயர் இரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் அந்த அளவு 50 முதல் 70 விழுக்காடு என்றும் காட்டியது. மாத்திரையை விட்டதால் இரத்த அழுத்தம் ஏறிய அப்பாவை நாம் மறுபடி பலதுறை மருந்தகத்துக்குத்தான் அழைத்துப் போகிறோம்.

ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் நிறையக் குடிப்பவரை வீட்டில் வைத்துப் பூட்டி, புட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டி, திடீரென நிறுத்த வைக்காதீர்கள். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் குழப்பம், உடல் நடுக்கம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது ஆகியவை தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழைக்க வேண்டும். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்தினால் இதற்கு மருந்து உண்டு; பிறகு குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு.

சூதாட்டப் பழக்கத்திலிருந்து ஒருவரை மீட்பதிலும் குடும்பத்தினருக்குப் பங்கு இருக்கிறது: சூதாட்டக்கூடத்துக்குள் ஒருவர் நுழைவதைத் தடைசெய்யக் கோரி அவருடைய நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம். அதற்கான உதவித் தொலைபேசி 1800-6-668-668. போதைப்பொருள் விவகாரத்தில் சட்ட நிலை வேறு. மருத்துவர்களுக்கு அதிகாரிகளிடம் தெரிவிக்கும் கடமை உண்டு. ஆனால் மது அருந்துவது குற்றமன்று. கணவருக்காக ஆலோசனை கேட்டால் போலிசுக்குத் தகவல் போகும் என்று தயங்குகிறவர்கள் அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

மனநலக் கழகத்தில் இயங்கும் போதைப்பழக்கச் சிகிச்சைச் சேவையின் எண் 6732 6837. அங்கே குடும்பத்தினருக்கும் ஆலோசனை உண்டு. அருகிலுள்ள குடும்ப சேவை நிலையத்திலிருந்தும் தொடங்கலாம். அழைத்தவுடனேயே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: “குடிப்பவர் இப்போதைக்கு வரமாட்டார், எனக்குத்தான் ஆலோசனை வேண்டும்” என்பது ஒன்று, தமிழில் பேசக்கூடியவர் வேண்டுமானால் அது மற்றொன்று. அவர் நாள்தோறும் ஏறத்தாழ எவ்வளவு குடிக்கிறார், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், முன்பு நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ வந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், பள்ளி ஆலோசகரிடமும் பேசலாமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.