வோல்ட் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது

அமெரிக்காவுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) என்று போட்டிருக்கும். அதை 230 வோல்ட் மின்சாரத்தில் ஓட்ட, நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். (வாங்குமுன் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் செலவு மிச்சம்.) ஒரே இரும்பில் இரண்டு கம்பிச்சுருள்கள். சுற்றுகளின் விகிதம் எதுவோ, வோல்ட்டின் விகிதமும் அதுவே. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல்தான் இது.

எத்தனை வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், அதாவது எவ்வளவு சுமை தாங்கும் என்ற அளவு) டிரான்ஸ்ஃபார்மர் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆம்ப்ளிஃபையர் மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை. உள்ளே, ஒரு திசையில் மட்டும் கரன்ட்டை விடும் டையோடுகள், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களை நிரப்புகின்றன. மின்சார அலை உச்சியைத் தொடும் சிறு கணத்தில் மட்டுமே டையோடு திறக்கும்; ஒரு நிமிடத்துக்கான தண்ணீரைப் பத்தே நொடியில் பிடித்துக்கொள்வது போல. அந்தக் கணத்தில் கரன்ட் பலமடங்கு பாயும். சிறிய டிரான்ஸ்ஃபார்மர் அப்போது தளர்ந்துவிடும், அலையின் உச்சி மழுங்கும், மிருதங்கத்தின் தொப்பி அதிரும் இடத்தில் ஒலி சோர்ந்து கேட்கும். லேபிளில் 300 வாட் என்றிருந்தால் 600 வி.ஏ. வாங்குங்கள்.

ஹீட்டருக்கென விற்கும் எடை குறைந்த எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். அது அலையை நறுக்கிச் சராசரியைக் குறைக்கிறதே தவிர, உச்சி 300 வோல்ட் வரை போகும். 120 வோல்ட் மின்சாரத்தின் உச்சி 170 வோல்ட்தான். ஹீட்டருக்கு மொத்தச் சூடு போதும். கெப்பாசிட்டரோ உச்சிவரை நிரம்பும்.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மலிவு. ஆனால் இரு பக்கத்துக்கும் ஒரே சுருள் என்பதால் 230 வோல்ட் லைனிலிருந்து பிரிப்பு கிடையாது. தனித்தனிச் சுருள் உள்ளதையே நான் சொல்வேன். எர்த் கம்பி அறுபடாமல் ஆம்ப்ளிஃபையர் வரை போக வேண்டும்.

இனி ஹெர்ட்ஸ். எந்த டிரான்ஸ்ஃபார்மரும் அதை மாற்றாது. ஆம்ப்ளிஃபையருக்குள்ளும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு; அதன் இரும்பு தாங்கும் காந்தப்புலம், வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்த கணக்கு. 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. 230 வோல்ட் லைனின் ஹெர்ட்ஸ் 50; அதால் வகுத்தால் 2.4. காந்தப்புலம் 20 சதவீதம் கூடுகிறது. இரும்பைச் சிக்கனமாகப் போட்ட மாடல் என்றால், பாட்டே ஓடாதபோதும் 'உம்ம்' என்று முனகும், மேல்மூடியில் கை வைத்தால் சுடும். 50/60 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. 60 மட்டும் என்றால், 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரைப் போடலாம். 100-ஐ 50-ஆல் வகுத்தால் மறுபடி 2. உச்ச சக்தி 70 சதவீதத்துக்கு இறங்கும். ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபலில் அது 1.6 குறைவு மட்டுமே.